ஸ்லீப்பிங் பேக் வாங்குறப்ப குளுரு தாங்காதவங்கள கேட்டு வாங்குங்க

அன்புள்ள ஆசிரியருக்கு, வணக்கம்.

போன ஞாயித்துக்கெழம இணைப்புல ஜோடியா கேம்பிங் போறதப் பத்தி அரைப்பக்கம் போட்டிருந்தீங்க. படம் நல்லா இருந்துச்சு, ஒரே ஸ்லீப்பிங் பேக்குக்குள்ள (உள்ள படுத்து ஜிப் போட்டுக்குற பஞ்சுப் பை) ரெண்டு தலை, பின்னாடி மலை, ரெண்டு பேர் கைலயும் காபி. எங்க வீட்டுக்காரர் பேப்பர என் பக்கம் தள்ளி "பாரு, நம்மள மாதிரியே"ன்னாரு, எனக்கு வாயில இருந்த இட்லி புரையேறிடுச்சு, ஏன்னா நாங்க அந்த மாதிரி பைக்குள்ள படுத்த அன்னிக்கு ராத்திரி ஆளுக்கொரு பக்கம் திரும்பி, பேச்சே இல்லாம, எப்படா விடியும்னு கெடந்தோம்.

கட்டுரைல டென்ட்டப் பத்தி ஒரு பத்தி, ஸ்டவ்வப் பத்தி ஒரு பத்தி, மேகில என்னென்ன போடலாம்னு ரெண்டு பத்தி. படுக்குறதப் பத்தி மட்டும் ஒத்த வரி: டபுள் ஸ்லீப்பிங் பேக் ஒண்ணு வாங்கிட்டா போதும், 5 டிகிரி வரைக்கும் தாங்கும்னு. அந்த ஒத்த வரிய நம்பித்தான் நாங்களும் ஒரு காலத்துல வாங்குனோம் (உங்க பேப்பர்ல இல்ல, ஆன்லைன்ல வித்தவங்க போட்டிருந்த அதே வரி), அதனால தான் எழுதுறேன். கொஞ்சம் நீளமாத்தான் போகும், எடம் இல்லன்னா எங்க கதைய வெட்டிக்கோங்க, நம்பர் வெவகாரத்த மட்டும் வெட்டிராதீங்க.

நாங்க பெரம்பூர். எனக்கு 49, அவருக்கு 55. பொண்ணு ஹாஸ்டலுக்குப் போனதும் வீடு வெறிச்சுனு ஆயிருச்சு, அப்ப புடிச்சது இந்த டென்ட் பைத்தியம். காட்டுக்குள்ள போய் இஷ்டத்துக்கு டென்ட் அடிக்கிறதெல்லாம் கெடையாது, அனுமதி இல்லாம போனா குத்தம், 2018 மார்ச்ல குரங்கணி தீயில எத்தன புள்ளைங்க போச்சுன்னு யாரும் மறந்திருக்க மாட்டோம். 2024ல கவர்மென்ட்டே ட்ரெக் தமிழ்நாடுன்னு 40 பாதை தெறந்து விட்டாங்க, அதுல நாங்க போனதெல்லாம் காலைல போய்ட்டு பொழுதோட திரும்புறது தான். டென்ட்டுன்னா எங்களுக்கு ஏலகிரில காசு கட்டித் தங்குற எடம், இல்லன்னா தெரிஞ்சவங்க தோட்டம்.

அப்படித்தான் ரெண்டு வருஷம் முன்னாடி ஜனவரில கோத்தகிரி தாண்டி இவரோட பழைய ஆபீஸ் நண்பர் தோட்டத்துக்குப் போனோம். அதுக்குன்னே வாங்குன டபுள் பேக், சுருட்டுனா நம்ம வீட்டு கேஸ் சிலிண்டர்ல பாதி இருக்கும், நீலகிரி எக்ஸ்பிரஸ்ல லோயர் பெர்த்துக்கு அடில திணிக்க முடியாம எதிர் சீட்டு அம்மா சூட்கேச நகத்தச் சொல்லி, அவங்க என்னமோ நாங்க மெத்தக் கடை வச்சிருக்குற மாதிரி பாத்தாங்க. மேட்டுப்பாளையத்துல எறங்கி பஸ் ஏறுறப்ப கண்டக்டரும் அதே பார்வை.

ராத்திரி நண்பர் வீட்டு தெர்மாமீட்டர்ல 7 டிகிரி. பேக் மேல 5ன்னு பெருசா போட்டு, பக்கத்துல பனி மலை படம் வேற போட்டிருந்துச்சு, அப்ப 7க்கு சொகமா இருக்கணும்ல? ஒரு மணி நேரம் சொகமாத்தான் இருந்துச்சு. அப்புறம் இவர் திரும்பிப் படுத்தாரு. அவர் தோளு ஒரு மேடு, என் தோளு ஒரு மேடு, நடுவுல கழுத்துக்குக் கீழ ஒரு பள்ளம், அந்தப் பள்ளம் வழியா காத்து உள்ள எறங்கி முதுகெலும்புல ஐஸ் வச்ச மாதிரி. "ஏங்க, காத்து வருதுங்க"ன்னேன். "நீ அந்தப் பக்கம் இழுக்காத, வராது"ன்னாரு. அவருக்கு வேர்வை, அவர் உடம்பு தோசைக்கல்லு, காலத் தூக்கி வெளிய போடணும்ங்குறாரு, எனக்கு ரெண்டு சாக்ஸ் போட்டும் பாதம் சில்லுனு. ஜிப்பு அவர் பக்கம் மட்டும் தான். மூணு மணிக்கு நான் பாத்ரூம் போகணும், 55 வயசு மனுஷனத் தாண்டி, டென்ட்டுக்குள்ள, இருட்டுல. அதுக்கு மேல எழுதல. திரும்பி வந்து படுக்குறப்ப உள்ள இருந்த கதகதப்பு மொத்தமும் போயிருந்துச்சு, அதுக்கும் நான் தான் காரணம்னு ஆயிருச்சு.

ஊருக்கு வந்ததும் இந்த 5ங்குற நம்பர் எங்கேருந்து வருதுன்னு உக்காந்து படிச்சேன். சார், அது ஒரு நம்பரே இல்ல, மூணு நம்பர். ஸ்லீப்பிங் பேக்குக்கு ஐஎஸ்ஓ 23537ன்னு ஒரு தரம் இருக்கு, 2016ல வந்தது, அதுக்கு முன்னாடி ஐரோப்பால ஈஎன் 13537ன்னு இருந்துச்சு. உடம்பெல்லாம் சூடேத்துற கம்பியும் சென்சாரும் வச்ச ஒரு பொம்மைக்கு முழுக்கை முழுக்கால் துணி மாட்டி, கீழ மேட் போட்டு, குளுரு ரூம்ல பேக்குக்குள்ள படுக்க வச்சு எவ்ளோ சூடு வெளிய போகுதுன்னு அளக்குறாங்க, அதுலேருந்து கணக்கு போடுறது. மொதல் நம்பர் கம்ஃபர்ட், 25 வயசு, 60 கிலோ, 160 செமீ ஒசரம் உள்ள ஒரு பொண்ணு சாதாரணமா காலை நீட்டிப் படுத்தா குளுராம தூங்குற அளவு. ரெண்டாவது லிமிட், அது 25 வயசு, 73 கிலோ, 173 செமீ ஆம்பள உடம்ப சுருட்டிக்கிட்டு படுத்து ஒப்பேத்துறது. மூணாவது எக்ஸ்ட்ரீம், அதுல தூக்கமே கெடையாது, அந்தப் பொண்ணு 6 மணி நேரம் உசுரோட தாக்குப்புடிக்கும்ங்குற கணக்கு, அத வச்சு பை வாங்குறது கழுத்தளவு தண்ணிய நீச்சல் கொளம்னு சொல்லி விக்கிற மாதிரி.

கம்ஃபர்ட்டுக்கும் லிமிட்டுக்கும் நடுவுலயே பொதுவா ஒரு 5 டிகிரி வித்தியாசம் வரும். கடைக்காரங்க பெருசா அச்சடிக்கிறது பல நேரம் லிமிட், சில பேர் எக்ஸ்ட்ரீமவே போட்டுர்றாங்க, எங்க பைல தரம் நம்பரே இல்ல, வெறும் 5. நான் 25ம் இல்ல, 60 கிலோவும் இல்ல, ஒடம்ப சுருட்டுனா முட்டி வலிக்கும். இன்னொண்ணு, அந்தப் பொம்ம ஒத்தையா படுக்குது. பக்கத்துல ஒருத்தர் உருண்டு உருண்டு பொம்மைக்குக் காத்து விடல.

அதனால உங்க கிட்ட மொத வேண்டுகோள், இனிமே ஸ்லீப்பிங் பேக் பத்தி எழுதுறப்ப கம்ஃபர்ட் நம்பர்னு சொல்லி அத மட்டும் போடுங்க, வெறும் "தாங்கும்"னு எழுதாதீங்க. வாங்குறவங்க ரெண்டு பேர்ல யாருக்கு அதிகமா குளுருதோ அவங்க நம்பருக்கு வாங்கணும். பெரும்பாலும் அது பொம்பளைங்களா தான் இருக்கும், அந்த தரமே அப்படித்தானே போட்டிருக்காங்க, ஆனா என் தங்கச்சி வீட்டுல தலகீழு, அவ ஃபேன 5ல வச்சா அவ வீட்டுக்காரர் மஃப்ளர் கட்டிப்பாரு.

எவ்ளோ குளுருக்கு வாங்கணும்னு கேட்டா, ஒவ்வொரு 1000 மீட்டர் ஒசரத்துக்கும் சுமாரா 6 டிகிரி கொறையும்னு வச்சுக்கோங்க. ஏலகிரி 1100 மீட்டர் கிட்ட, ஜனவரி ராத்திரின்னாலும் கனமான பை தேவையில்ல, கம்ஃபர்ட் 12, 13 இருந்தாலே ஓடும். ஊட்டி 2240 மீட்டர், டிசம்பர் ஜனவரில தலைகுந்தா பக்கம் புல்லு மேல உறைபனி வெள்ளையா கெடக்கும், அங்க கம்ஃபர்ட் 0 கேக்கும். சென்னைல இருந்து இமயமலைக்கு, கேதார்காந்தா, ஹம்ப்டா பாஸ்னு ட்ரெக் போற பசங்க இருக்காங்க, அங்க கூட்டிட்டுப் போறவங்களே பெரும்பாலும் பை குடுத்துர்றாங்க, அதுக்குன்னு இங்க காசு போட்டு வாங்கி மே மாசம் வீட்டுல வச்சு என்ன பண்ணப் போறீங்க.

சரி, டபுள் பேக்கே மோசமான்னா, அப்படி சொல்ல மாட்டேன். கார்ல போறவங்க, நடக்குற தூரம் இல்ல, நடுவுல ஒரு சின்னப் புள்ளயப் போட்டுக்கணும், ரெண்டு பேரும் ஒரே மாதிரி சூடு தாங்குவாங்கன்னா அது வசதி தான். ரெண்டு உடம்பு சூடு ஒரே எடத்துல சேர்றதுனால கழுத்துப் பக்கம் நல்லா மூடுற மாதிரி இருந்தா கதகதப்பாவே இருக்கும். ரெண்டு பக்கமும் ஜிப் இருக்கணும், தோளுக்கு மேல காத்த அடைக்கிற ஒரு பட்டி, டிராஃப்ட் காலர்னு சொல்வாங்க, அது இருக்கணும், அதுவும் ரெண்டு பேருக்கும் தனித்தனியா இருந்தா இன்னும் நல்லது. ஆனா ட்ரெயின்ல, பஸ்ல போறவங்களுக்கு என் ஓட்டு ரெண்டு சிங்கிள் பேக்குக்குத் தான், ஜிப் போட்டு ஒண்ணா சேத்துக்குற மாதிரி. பாரம் ஆளுக்குப் பாதி. கோவம் வந்தா பிரிச்சுக்கலாம். அவர் மட்டும் நண்பர்களோட போனாருன்னா அவரோடத மட்டும் எடுத்துட்டுப் போலாம்.

இதுக்கும் ஒரு தடவ சூடு பட்டோம். இவர் கிட்ட ஏற்கனவே செவ்வக மாடல் ஒண்ணு இருந்துச்சு, கம்ஃபர்ட் 4, கனமானது. அதுக்கு ஜோடியா இன்னொண்ணு வாங்கலாம்னு அண்ணா நகர் பக்கம் ஒரு கடைக்குப் போனோம். அங்க இருந்த பையன் "சார், மேடம், தரைல போட்டுத் தரேன், படுத்துப் பாருங்க"ன்னான். கடைல கூட்டம், பக்கத்துல கிரிக்கெட் பேட் பாக்குற காலேஜ் பசங்க. இவர் "சேச்சே, வேணாம்"ன்னாரு. நான் செருப்பக் கழட்டிட்டு படுத்துட்டேன். அதப் பாத்து அவரும் படுத்தாரு, ஷூவோட பாதி கால் வெளிய. அப்ப தான் தெரிஞ்சுது, படத்துல பெருசா தெரியுற, கால்பக்கம் குறுகி தலைக்கு மூடி வச்ச மம்மி மாடலுக்குள்ள என் இடுப்பு திரும்பவே மாட்டேங்குது, இவருக்குத் தோளு இறுக்குது. மம்மி மாடல் உடம்போட ஒட்டி இருக்கும், அதனால சூடு நிக்கும், கனம் கம்மி, ஆனா பொரண்டு படுக்குறவங்களுக்கு ஆகாது. செவ்வகம்னா காலுக்கு எடம் இருக்கும், முழுசா பிரிச்சா ரஜாய் மாதிரி விரிச்சுக்கலாம். வெக்கப்படாம படுத்துப் பாருங்க, ஏசி கடைல அஞ்சு நிமிஷம் படுத்தா குளுரு தெரியாது தான், அகலம் தெரிஞ்சுரும். அந்தப் பசங்க சிரிச்சாங்க, சிரிச்சுட்டுப் போகட்டும்.

செவ்வகமாவே ஒண்ணு, கம்ஃபர்ட் 10, வேற கம்பெனி, வாங்கிட்டு வந்து வீட்டுக் கூடத்துல ரெண்டையும் விரிச்சு ஜிப்ப சேத்தா ஏற மாட்டேங்குது. பாக்க ரெண்டும் ஒண்ணு போல தான் இருக்கு. பெரம்பூர் மார்க்கெட் பக்கம் ஸ்கூல் பைக்கு ஜிப் மாத்துற ஒருத்தர் இருக்காரு, அவர் கிட்ட தூக்கிட்டுப் போனேன். ரன்னர ஒரு தடவ விரலால தடவுனாரு, "அம்மா இது அஞ்சாம் நம்பரு, அது எட்டாம் நம்பரு, எப்படிம்மா ஏறும்?" பல்லு மூடுனா எத்தன மில்லிமீட்டர் அகலமோ ஏறக்குறைய அது தான் அந்த நம்பராம், எனக்கு இந்த 49 வயசு வரைக்கும் தெரியாது. புதுசுல இருந்த ஜிப்பப் பிரிச்சு எட்டாம் நம்பர் காயில் ஜிப் நீளமா வச்சுத் தச்சு, கூலியோட 600 ரூபா வாங்குனாரு. நீங்க இப்படி அலையாம பழைய பைய கடைக்கே தூக்கிட்டுப் போய் சேத்துப் பாத்து வாங்குங்க. ஜிப் நம்பர், நீளம் ரெண்டும் ஒத்துப் போகணும். மம்மி மாடல்னா ஒண்ணுக்கு இடது கைப்பக்கம் ஜிப், இன்னொண்ணுக்கு வலது கைப்பக்கம்னு கேட்டு வாங்கணும், இல்லன்னா ஒருத்தர் தலைமாடு மூடி கீழ போயிரும்.

தப்பா வாங்குனதுல ஒரு நல்லதும் நடந்துச்சு. ஒண்ணு கனம் ஒண்ணு மெல்லிசுங்குறதால, முழுசா பிரிச்சு சேக்குறப்ப, குளுரு அதிகம்னா கனமானது மேல, மெல்லிசு கீழ. ஏலகிரி மாதிரி எடத்துல கனமானது மெத்தையா கீழ, மெல்லிசு போர்வையா மேல. ரொம்ப சண்டைன்னா பிரிச்சுட்டு கனமானத நான் எடுத்துப்பேன், தோசைக்கல்லுக்கு மெல்லிசு போதும்.

கீழன்னு சொன்னதும் ஞாபகம் வருது, உங்க கட்டுரைல மேட் பத்தி ஒரு வார்த்த இல்ல. படுத்தா நம்ம கனத்துல பேக்கோட அடிப்பக்கம் அமுங்கிப் போகும், பஞ்சுக்குள்ள காத்து நின்னா தானே சூடு நிக்கும், அமுங்குன பஞ்சு துணிக்கு சமம். கோத்தகிரில எங்களுக்குப் பாதி குளுரு தரைல இருந்து தான் ஏறிருக்கு, அப்ப நாங்க போட்டிருந்தது வீட்டுக்கு விருந்தாளி வந்தா ஊதுற ஏர் பெட். ஏர் பெட் மெத்துனு இருக்கும், ஆனா உள்ள வெறும் காத்து, அது சுத்திச் சுத்தி சூட்டத் தரைக்குக் குடுத்துரும். மேட்ல ஆர் வேல்யூன்னு போட்டிருப்பாங்க, எவ்ளோ அதிகமோ அவ்ளோ தரைக்குளுரு தடுக்கும், நம்ம மலைக்கு 3 கிட்ட இருந்தா நிம்மதி. ஒண்ணு மேல ஒண்ணு போட்டா ரெண்டு நம்பரையும் கூட்டிக்கலாம், எங்க கிட்ட இருக்குறது மெல்லிசான ஃபோம் மேட்டு தான், அடில பவானி ஜமுக்காளம் ஒண்ணு மடிச்சுப் போடுவேன். ஜோடியா படுக்குறப்ப ரெண்டு மேட்டும் வெலகி நடுவுல ஒருத்தர் பள்ளத்துல விழுவாங்க (யாருன்னு சொல்ல வேண்டியதில்ல), அதுக்கு எலாஸ்டிக் வச்ச டபுள் காட் பெட்ஷீட்ட ரெண்டு மேட்டுக்கும் சேத்து மாட்டிருங்க, நகராது.

சென்னைக்காரங்களுக்கு இன்னொரு தொல்லை, வருஷத்துல பத்து மாசம் இது பரண்ல தான் கெடக்கும், நம்ம ஊரு புழுக்கத்துல. டபுள் பேக்க சின்ன உறைக்குள்ள திணிச்ச வாக்குல போட்டு வச்சு, நவம்பர் மழைக்கப்புறம் எறக்குனா பூஞ்ச வாசன, பஞ்சும் அப்பளம் மாதிரி தட்டை. அந்த அமுக்கு உறை எல்லாம் பயணத்துக்கு மட்டும் தான், வீட்டுல லூசா வைக்கணும். இப்ப பழைய சுங்குடிப் புடவைல ரெண்டு பெரிய பை தச்சு அதுல போட்டு, மாசத்துக்கு ஒரு நாள் மொட்டை மாடில காத்தாட விடுறேன். இதனாலயே வாத்து எறகு வச்ச டவுன் பேக் எங்களுக்கு வேணாம்னு விட்டோம், கனமே இருக்காது, நல்லா சுருங்கும், ஆனா நனைஞ்சா உப்பலா நிக்காது, காயறதுக்கும் நாள் ஆகும், வெலையும் எக்கச்சக்கம். சிந்தெடிக் பஞ்சு கொஞ்சம் ஈரமானாலும் சமாளிக்கும். தோய்க்குறப்ப கம்ஃபோர்ட்டு மாதிரி துணி மெருதுவாக்குறது எதையும் ஊத்தாதீங்க.

அடிக்கடி தோய்க்காம இருக்க உள்ள லைனர்னு ஒரு மெல்லிசு துணி உறை போடுவாங்க, கடைல பட்டுல எல்லாம் விக்கிறாங்க. நான் இவரோட நைஞ்சு போன எட்டு முழ வேட்டிய ரெண்டா மடிச்சு ரெண்டு ஓரமும் தச்சேன், ஆளுக்கு ஒண்ணு, ஒரு ஆள் நீளம் சரியா வருது. படுக்குறதுக்கு முன்னாடி காஞ்ச சாக்ஸ் மாத்திக்கிட்டு, வெந்நீர் பாட்டில் ஒண்ண இன்னொரு சாக்ஸ்ல போட்டு கால்மாட்டுல வச்சுருவேன். மூக்குல குளுருதுன்னு தலையோட உள்ள போயிராதீங்க, மூச்சுக்காத்து ஈரம் பஞ்சுல எறங்கி விடியக்காலைல தான் வேலயக் காட்டும், குல்லா போட்டுக்கோங்க.

போன ஜனவரில அதே தோட்டத்துக்கு இந்த ஒட்டுப்போட்ட ஜோடியத் தூக்கிட்டுப் போனோம். 8 டிகிரி. மூணு மணிக்கு நான் என் பக்கத்து ஜிப்பத் தெறந்து போய்ட்டு வந்து படுத்தேன், இவருக்குத் தெரியவே தெரியாது, காலைல "ராத்திரி நீ எந்திரிக்கவே இல்லயா"ன்னு கேட்டாரு.

அந்த டபுள் பேக் இப்ப எங்க பெட்ரூம்ல இருக்கு. முழுசா பிரிச்சா கட்டில் அகலத்துக்கு சரியா இருக்கு, ஏசிய 24ல வச்சுட்டு இவர் அதப் போத்திக்கிட்டு தூங்குறாரு, அந்த அளவு குளுருக்கு அது நல்லாத் தான் தாங்குது.

இப்படிக்கு,
உங்க நாலு வருஷ வாசகி,
பெரம்பூர், சென்னை-11

பி.கு.: படத்துல அந்தப் பொண்ணு பக்கம் ஜிப் இல்ல. நல்லா உத்துப் பாத்துட்டேன்.